ஹோம்ல இருக்கவங்களுக்கு வீடியோ கால் போட்டா தனிமை குறையுமா?

கேள்வி, 2025 ஜூன் 8

எங்க அப்பா மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு ஹோம்ல இருக்காவ, 79 வயசு, மறதி நோய். நான் குவைத்துல. டெய்லி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோ கால் போடுறேன், ரெண்டு நிமிஷம் பாப்பாவ, பொறவு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாவ. தினமும் பேசினா தனிமை குறையும்னு எல்லாரும் சொல்லுதாங்க. யாருக்காவது நெஜமாவே குறைஞ்சிருக்கா, இல்ல நம்ம மனசாட்சிக்குத்தான் இந்தக் காலா?

ஜூன் 8, ராத்திரி

மனசாட்சிக்குத்தான். மொத எட்டு மாசம் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நான் தாம்பரத்துல, தம்பி ஷார்ஜாவுல, அம்மா தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல ஒரு ஹோம்ல. 83 வயசு, அல்சைமர்னு டாக்டர் எழுதிக் குடுத்து நாலு வருசம் ஆச்சு. மொத கால்ல போன் எடுத்த உடனே நான் கேட்டது "எம்மா, நான் யாருன்னு தெரியுதா?" அம்மா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "தெரியாம என்ன, நீ போன்ல வாற பிள்ளைலா"ன்னுட்டா. சிரிச்சேன், கட் பண்ணிட்டு பாத்ரூம்ல போயி அழுதேன். மறுநாளும் கேட்டேன். அதுக்கு மறுநாளும். டெய்லி பரீச்ச வச்சு டெய்லி பெத்தவள பெயிலாக்கிட்டு இருந்திருக்கேன், அது அப்ப ஒறைக்கல. இப்ப "எம்மா, மூத்தவ பேசுறேன், தாம்பரத்துலருந்து"ன்னு நானே சொல்லிருவேன். தலையாட்டுவா. அவ்வளவு போதும்.

உங்க அப்பா மூஞ்சிய திருப்புறது உங்கள வேண்டாம்னு இல்ல. திரும்புற பக்கம் என்ன இருக்குன்னு ஹோம்ல கேட்டீங்களா? ஜன்னலா, டிவியா, சாயா கொண்டு வாற வழியா?

ஜூன் 9

ஒண்ணு விட்டுப்போச்சு. போன் மூலையில நம்ம மூஞ்சி சின்னதா ஒரு பெட்டியில தெரியும்லா, அதான் பெரிய வில்லங்கம். அங்க அம்மாவுக்கு அவ மூஞ்சி தெரியும். அம்மா மனசுல அவளுக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசு, நரைச்ச தலைய பாத்தா அவளுக்கு அவளையே தெரியாது. "அந்தக் கெழவி யாரு, நாம பேசுறத ஒட்டுக் கேட்டுட்டு இருக்கா"ன்னு ஒரு நாள் பூரா கோவம். இன்னொரு நாள் பாவப்பட்டு "அவளுக்கும் ஒரு சாயா குடு மக்ளே, பாவம் ஒண்ணும் குடிக்கல"ன்னா. ஹோம்ல அம்மாவ பாத்துக்கிடுற அக்காவும் சிரிச்சுட்டே ரெண்டாவது டம்ளர் கொண்டு வச்சாங்க, ரெண்டையும் அம்மாவே குடிச்சா.

அந்தப் பெட்டிய ஒரு மூலைக்கு இழுத்து வச்சு அதுமேல பிளாஸ்டர் துண்டு ஒட்டினா தீந்துச்சு. ஹோம்ல கண்ணாடி பாத்து பயப்படுறவங்க இருந்தா கண்டிப்பா இத செய்யுங்க, ரெண்டும் ஒரே விஷயம்.

ஜூன் 9, கொஞ்சம் கழிச்சு

டிவில போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போட்டுப் பாத்தோம். மூஞ்சி பெருசா தெரியும், கொள்ளாம். ஆனா அம்மா அத சீரியல்னு நெனச்சுட்டா. நான் பேசப் பேச பக்கத்துல இருந்தவங்ககிட்ட "இவ நல்லவ, மாமியாதான் செரியில்ல"ன்னு கதை சொல்லிருக்கா. எங்க மாமியா இத வாசிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

இப்ப டேப்லெட். சத்தம் பத்தலைன்னு தம்பி ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினான், அத கட்டிலுக்குப் பொறத்தால வச்சிட்டாங்க, அம்மா கால் பூரா பின்னாடி திரும்பித் திரும்பி என்னைத் தேடினா. ஸ்பீக்கர் டேப்லெட்டுக்கு ஒட்டி நேர் பின்னாடி இருக்கணும். மூஞ்சி ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் வந்தா நமக்கே குழம்பும்.

ஜூன் 14

நேரம். நீங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு போடுறேன்னு சொன்னீங்க, அத மொதல்ல மாத்துங்க. மறதி நோய்க்காரங்க நெறைய பேருக்கு பொழுது சாயுற நேரம்தான் மோசம், வெளிச்சம் கொறைய கொறைய பதட்டம் ஏறும். எங்க அம்மா நாலரைக்கு மேல "வீட்டுக்குப் போகணும், மாடு அவுக்கணும்"னு சேலைய சுருட்டிட்டு கேட்டுப் பக்கம் போவா. மாடு வித்து 20 வருசம் ஆச்சு. அந்த நேரத்துல நான் வேற போன்ல வந்தா, கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்குன்னு ஆயிரும்.

காலம்பற குளிச்சு, சாப்ட்டு, பத்தரைக்கு சாயா குடிக்கும்போது போடுறோம். ஷார்ஜாவுல அப்ப ஒம்பது மணி, தம்பிக்கு லீவு நாள் மட்டும்தான் முடியும். இன்னொரு தொல்லை, அங்க வாட்ஸப் கால் போகாது, அவன் போட்டிம்னு வேற ஒரு ஆப்புல கூப்பிடுவான், ஹோம் போன்ல போட்டிம் அப்டேட் கேட்டு நிக்கும், அக்கா எனக்கு போன் பண்ணி "இந்தச் சனியன் எங்கன அமுக்கணும்"னு கேப்பாங்க. மூணு ஊர், ரெண்டு ஆப்பு, ஒரு சாயா. சாயா ஆறினதுதான் மிச்சம்.

ஜூன் 15

அப்பா என்ன வேலை பாத்தாவ? அத கேக்க மறந்துட்டேன். அதுலதான் எல்லாம் இருக்கு.

எங்க அம்மா அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி பேக்டரியில, வேலை பாத்தவ. பதிமூணு பதினாலு வயசுல போயி அண்டி தல்ல, கொட்டைய உடைக்க, ஒக்காந்தவ, அந்தக் கறை பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கருத்துக் கெடக்கும், சாம்பல் தொட்டு தொட்டு தல்லுவாங்க. பொறவு பருப்பு தொலி எடுக்கது, கடைசி பதினஞ்சு வருசம் கிரேடிங். இப்பவும் சும்மா இருக்கும்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிட்டே இருக்கும். ஹோம்ல அத வியாதின்னு நெனச்சாங்க, அது வேலை.

சொல்ல எதுவும் தோணாத ஒரு நாள், கையில இருந்த முந்திரிப் பருப்ப கேமரா முன்னாடி நீட்டுனேன். ரெண்டு மாசமா "ம்", "செரி" தவிர ஒண்ணும் பேசாதவ நிமிந்து ஒக்காந்து "முன்னூத்தி இருவது. பொடி கலந்து வச்சிருக்கான், ஏமாத்திட்டான் உன்னை"ன்னா. மக பேரு தெரியாது, மக வாங்கின பருப்பு கிரேடு தெரியுது. டபிள்யூ 320ன்னா ஒரு பவுண்டு எடையில 300லருந்து 320 முழுப் பருப்பு நிக்கும்னு அர்த்தம், 240ன்னா அதவிட பெரிய பருப்பு. அன்னைக்கு பதினோரு நிமிஷம் பேசினா. எங்க ரெக்கார்டு அதுதான்.

ஜூன் 17

போன்ல பாத்து பருப்பு சைஸ் எப்படி தெரியும்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. செரியான கேள்வி. பாக்கெட்ட எடுத்துப் பாத்தேன், நான் வாங்கினது 240. அம்மா சொன்னது தப்பு. புல்லரிச்சு எழுதிட்டேன், மன்னிக்கணும். உடைஞ்சது கலந்திருந்தது மட்டும் நெஜம்.

ஆனா யோசிச்சா எனக்கு அது தப்பாவே படல. அவ பரீச்ச எழுதல, வேலைக்கு வந்தா. நான் எழுதினதுல அத சொல்லியிருக்கணும், கிரேட சரியா சொல்லிட்டான்னு இல்ல.

அந்தக் காலுக்கு அடுத்த வாரம் அக்காகிட்ட காசு அனுப்பி கால் கிலோ பருப்பு வாங்கி ஒரு தட்டுல கொட்டி அம்மா முன்னாடி வைக்கச் சொன்னேன், நான் இங்க ஒரு தட்டு. ரெண்டு பேரும் பேசாம பிரிச்சிட்டே இருந்தோம். பாதி அவ வாயில போச்சு. இன்ஸ்பெக்டர் பாத்தா வேலை போயிருக்கும்.

ஜூன் 29

ரெண்டு நாளா நம்ம ஊர்ல மழை பிடிச்சிருக்கு, நெட் தொங்குது. நேத்து என் மூஞ்சி வாய தொறந்தபடி அப்படியே நின்னுருச்சு. அம்மா "பிள்ளை அசையாம கெடக்கா, யாராவது வாங்க"ன்னு கூப்பாடு. அரை மணி நேரம் ஆச்சாம் அடங்க. இனிமே மழைநாள்ல வீடியோவே வேண்டாம், சாதா போன், குரல் மட்டும். அக்காட்ட சொல்லி வச்சிருக்கேன், படம் நின்னா உடனே டேப்லெட்ட கமத்திருங்கன்னு.

பாட்டு பத்தி கேட்டவங்களுக்கு: கால்ல பாட்டு போடாதீங்க. இந்த ஆப்பு எல்லாம் பேச்ச வச்சிட்டு மத்த சத்தத்த இரைச்சல்னு வெட்டிரும், மேளமெல்லாம் கரகரன்னு வரும். எங்க ஊர் கோயில் கொடையில பண்ணின வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்க நான் இங்கருந்து போட்டேன், அம்மா "யாரு ஓடு உடைக்குது"ன்னு கேட்டா. அதையே பென்டிரைவ்ல ஏத்தி அங்க வச்சு போட்டாங்க, கால் தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. குடத்துச் சத்தம் வந்ததும் பக்கத்துக் கட்டில்காரங்க ரெண்டு பேரும் எந்திருச்சு ஒக்காந்தாங்க.

ஜூலை 12

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு ஒருத்தர் விடாம கேக்குறாரு. செரி. 2020 மே மாசம், கொரோனாவுல ஹோம் எல்லாம் கதவடைச்சுக் கெடந்தப்ப, மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசுற கோக்ரேன் அமைப்பு இதே கேள்விய எடுத்து உள்ள ஆய்வெல்லாம் அலசிச்சு. தேறினது மூணே மூணு, மொத்தம் 201 பேரு, எல்லாம் தைவான் முதியோர் இல்லங்கள்ல நடந்தது. வீடியோ காலால தனிமை குறைஞ்சுதுன்னு சொல்ல முடியல, ஆதாரம் ரொம்ப பலவீனம்னு முடிச்சுட்டாங்க. தனிமைய அளந்தது ஒரு கேள்வித்தாள் வச்சு, துணை இல்லைன்னு எவ்வளவு அடிக்கடி தோணுது அப்படிங்குற மாதிரி கேள்விங்க. எங்க அம்மாகிட்ட அத கேட்டா "துணையா? அந்தக் கெழவி இருக்காள்லா"ன்னு சொல்லுவா.

அப்ப பிரயோஜனம் இல்லையான்னா, ஜூன் 8ந்தேதி நான் எழுதினது பாதிதான். கால் எனக்குத்தான், உண்மை. ஆனா கால் வரணும்னா ஒருத்தங்க வந்து அம்மா பக்கத்துல ஒக்காரணுமே. டேப்லெட் பிடிக்குற அக்கா ஒக்காந்து, அம்மா கையப் பிடிச்சு, "பாருங்க, உங்க மூத்தவ"ன்னு சொல்லி, சாயாவ ஆத்திக் குடுத்து... அந்தப் பத்து நிமிஷம் அம்மாவுக்கு கெடச்சது நான் இல்ல, அந்த அக்கா. நான் ஒரு சாக்கு. நல்ல சாக்கு.

அதுலயும் ஒரு குத்தல் உண்டு. அந்த ஷிப்டுல பதினாலு பேருக்கு ரெண்டு பேரு. எங்க அம்மாவோட பத்து நிமிஷம்னா இன்னொருத்தங்க நனைஞ்ச துணியோட பத்து நிமிஷம். இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய்னு லாசிங்குற முதியோர் ஆய்வு வச்சு கணக்கு போட்டிருக்காங்க. ஆப்பு எத்தன வேணும்னாலும் வரும், பக்கத்துல ஒக்கார ஆள் எங்கருந்து வரும்? அதனால டெய்லி கால நிறுத்திட்டேன். வாரம் மூணு.

ஜூலை 13

நேத்து எழுதினத படிச்சிட்டு தம்பி கூப்பிட்டான், சண்டை. வாரம் மூணுல அவனுக்கு எத்தனைன்னு. அப்படியே பழைய சண்டையும் வந்துச்சு: முந்தின வருசம் ஓணத்துக்கு கால்ல இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து "என் தெய்வம்"னு ஸ்டேட்டஸ் வச்சான். பின்னாடி கட்டில்ல ஒரு அம்மாவுக்கு துணி மாத்திட்டு இருக்காங்க, அதுவும் தெரியுது. இவனுக்கு அம்மா மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு. அந்தம்மா வீட்டுக்காரங்க பாத்திருந்தா? ஒரு மணி நேரத்துல எடுக்க வச்சேன். அதுக்கப்புறம் டேப்லெட் எப்பவும் சுவர் பாத்த மூலையில, பின்னாடி காலண்டர் மட்டும் தெரியுற மாதிரி. ஒங்க ஹோம்லயும் கேளுங்க. அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாதுங்குறதுக்காக எல்லாத்தையும் காட்டிர முடியாது.

ஆகஸ்ட் 3

இத எழுதணுமான்னு மூணு வாரமா யோசிச்சேன்.

பக்கத்துக் கட்டில்ல ஒரு பாட்டி, கடக்கரை ஊர்க்காரி. அவங்களுக்கு கால் வராது. எங்க கால் வரும்போது எட்டி எட்டிப் பாப்பாங்க, பொறவு கட்டில் நுனிக்கு வருவாங்க, இப்ப அம்மாவுக்கு முன்னாடி அவங்கதான் ரெடி. அம்மா பாதி நாள் சுவரப் பாத்துட்டு இருப்பா, பாட்டி என்கிட்ட பேசுவாங்க. என்னை அவங்க கூடப் பொறந்த அக்கா மகள்னு நெனக்காங்க. நானும் விட்டுட்டேன், "ஆமா சித்தி" "செரி சித்தி"ன்னு.

ஆராய்ச்சிக்காரங்க எண்ணினா அம்மாவுக்கு ஒரு மாத்தமும் இல்ல. அடுத்த கட்டில எண்ணச் சொல்லணும்.

அவங்க எப்பவும் கேக்குறது ஒண்ணுதான்: "கடல் எப்படி கெடக்கு? வள்ளம் கரை சேந்துச்சா?" நான் சிரிச்சுட்டே "எல்லாம் சேந்துச்சு சித்தி"ன்னு சொல்லிட்டே இருந்தேன், ஒரு மாசத்துக்கு மேல. போன வாரம் அக்கா சொன்னாங்க, பாட்டி மகன் 2017 நவம்பர்ல ஒக்கி புயல்ல போனவன். திரும்பி வரல.

ஆகஸ்ட் 5

பொய் சொல்றது பாவம்னு ஒருத்தர், நல்லதுக்குச் சொன்னா பொய் இல்லைன்னு இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும்: எங்க அப்பா தவறி ஒம்பது வருசம் ஆச்சு, அம்மா கேட்டப்ப மொத தடவ உண்மைய சொன்னேன். புதுசா கேட்ட மாதிரி நெஞ்சுல அடிச்சுட்டு அழுதா. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேட்டா. அதுக்கு மேல சொல்ல எனக்கு தைரியம் இல்ல, "மார்க்கெட்டுக்குப் போயிருக்காவ"ன்னு சொல்லிட்டு இருக்கேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல.

பாட்டி விஷயம் வேற. தெரியாம சொன்னது அது. தெரிஞ்ச பிறகு "சேந்துச்சு"ன்னு என் வாயால வரல. "சேரல"ன்னும் வரல. நேத்து கேட்டாங்க, நான் முழிச்சேன், பொறவு "சித்தி, இன்னைக்கு சாளை நெறைய பட்டுருக்காம், புளிமுளம் கொழம்பு எப்படி வைக்கணும்"னு கேட்டேன். மொளகு எவ்வளவு, புளி எப்ப, சட்டிய எப்ப கலக்கக்கூடாது, ஏழெட்டு நிமிஷம். அம்மா நடுவுல "தேங்கா அரைக்கணும்"னா. "தேங்கா அரைச்சா அது புளிமுளமா?"ன்னு பாட்டி ஒரு ஏச்சு. ரெண்டு பேரும் மொத தடவ ஒருத்தருக்கொருத்தர் பேசினது அதுதான், நான் வாய மூடிட்டு பாத்துட்டு இருந்தேன்.

செப்டம்பர் 7

ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், அனந்தபுரி ரயில்ல வந்து குழித்துறை எறங்கி நேரா ஹோம். நேர்ல பாத்ததும் அம்மா என் கையத் தடவிட்டு "நீ போன்ல வாற பிள்ளை மாதிரியே இருக்க"ன்னா. இதுக்கு மேல என்ன வேணும்.

அங்க இருக்கும்போதுதான் தம்பி கால் வந்துச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு காலயும் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பேசும்போது எல்லாம் செரி. அவன் "வைக்கட்டா எம்மா, பை பை"ன்னு கட் பண்ணின பிறகுதான் விஷயமே. திரை கருப்பாச்சு. அம்மா டேப்லெட்ட திருப்பி பின்பக்கம் பாத்தா. கட்டிலுக்கு அடியில குனிஞ்சா. "பொறப்பட்டுட்டானா, சோறு திங்காம"ன்னா. இருவது நிமிஷம் வாசலையே பாத்துட்டு இருந்தா. நம்ம பக்கத்துல அத யாரும் பாக்குறதில்ல, சிவப்பு பட்டன அமுக்கினா நமக்கு முடிஞ்சுது.

ஜூன்ல இருந்து இங்க உக்காந்து எப்படி ஆரம்பிக்கணும்னு உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கேன். முடிக்குறதப் பத்தி ஒரு வரி எழுதல.

இப்ப செய்றது: பை சொல்றது கெடையாது. அக்கா அம்மா மடியில பயறோ, மடிக்க துண்டோ வைப்பாங்க, கை வேலையில எறங்கினதும் நான் பேச்ச கொறைச்சுட்டே வந்து சும்மா இருப்பேன். அம்மா குனிஞ்சிருக்கும்போது டேப்லெட்ட எடுத்துட்டுப் போயிருவாங்க. திருட்டுத்தனம் மாதிரிதான் இருக்கு. வாசல் பாக்குறது நின்னுருச்சு, இதுவரைக்கும் நாலு கால்ல மூணு தடவ.

செப்டம்பர் 8

குவைத் தம்பி, அப்பா திரும்பிப் பாக்குற பக்கம் பஸ் போற ரோடுன்னு நீங்க சொன்னத இப்பதான் பாத்தேன், அப்பா கண்டக்டரா இருந்தாவன்னும். அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் என்கிட்ட கேள்வி கேட்டீங்க? கட்டில ஜன்னல் பக்கமா போடச் சொல்லுங்க, டேப்லெட்ட ஜன்னல் கம்பியில சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க. "குழித்துறை ஒரு டிக்கெட்"னு கேளுங்க. சில்லற இல்லைன்னு ஏசினாலும் ஏசுவாவ.

செப்டம்பர் 13

ஏசினாவளாமே. சந்தோசம்.

எனக்கு ஒரு உதவி. பாட்டி மட்டிப்பழம் கேட்டுட்டே இருக்காங்க, தாம்பரத்துல கெடைக்குறது மட்டியே இல்ல, அனுப்பினாலும் கொழகொழன்னு போய்ச் சேரும். தக்கலை பக்கம் இருக்கவங்க யாராவது புதன்கிழமை பத்து மணிக்கு முன்னாடி ஒரு சீப்பு வாங்கிக் குடுத்தா காசு உடனே அனுப்பிருவேன். ரெண்டு சீப்பா வாங்குங்க, ஒண்ணு மட்டும் போனா அம்மா சண்டைக்கு வருவா.